விருந்தாளியாகப் போனால்தான் வீடு தெரியும்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில், 'தொண்டு செய்யப் போகிறவர் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?' என்ற தலைப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்.)



ஆண்டு இறுதிப் பள்ளி விடுமுறை வந்துவிட்டால் போதும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் உள்ள தேவாலயங்களிலிருந்து இளையர்கள் குழுக் குழுவாக வட தாய்லாந்துக்குப் புறப்படுவார்கள். பை நிறைய உடைகள், பென்சில்கள், மிட்டாய்கள். சியாங் மாய் விமான நிலையத்தில் இறங்குவார்கள். மலைவாழ் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றுக்குப் போவார்கள். பிள்ளைகளோடு பாடுவார்கள், விளையாடுவார்கள், படம் எடுத்துக்கொள்வார்கள். ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிடுவார்கள்.

நல்ல மனத்தோடுதான் போகிறார்கள். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அவையோரே, அந்த விடுதியில் இருக்கும் பிள்ளைக்கு ஒரு வீடு இருக்கிறது. அந்த வீட்டில் ஓர் அம்மா இருக்கிறார், அப்பா இருக்கிறார், பாட்டி இருக்கிறார். அந்த வீடு எங்கே இருக்கிறது என்று போகிறவர்களில் எத்தனை பேர் கேட்கிறார்கள்?

கேட்கிற சிலர் இருக்கிறார்கள். விடுதிப் பிள்ளைகளின் குடும்பங்களைத் தேடி, தொலைதூரக் கரேன் கிராமங்களுக்குப் போகிற கிறிஸ்தவத் தொண்டூழியர்கள் அவர்கள். அவர்களுடைய பயணத்தைப் பற்றியதுதான் இந்த உரை. விடுதி பிள்ளைக்குச் சோறு போடுகிறதா, பாடம் சொல்லிக் கொடுக்கிறதா என்பதை விடுதிக்குள் நின்றே பார்த்துவிடலாம். அந்த விடுதி பிள்ளையையும் பெற்றோரையும் சேர்த்து வைக்கிறதா, பிரித்து வைக்கிறதா என்பதைப் பிள்ளையின் வீட்டில் உட்கார்ந்தால்தான் பார்க்க முடியும்.

கழுத்து வளையம் மட்டுமல்ல கரேன்

கரேன் என்றவுடன் பலருக்கும் நினைவுக்கு வருவது சுற்றுலாக் கையேட்டில் பார்த்த படம்தான். கழுத்தில் பித்தளை வளையங்களை அடுக்கி அணிந்த பெண்கள். அவர்கள் கயான் என்னும் பிரிவினர். கரேன் மக்களுக்கு உறவுடைய சிறு கூட்டத்தார். தாய்லாந்தில் இருப்பவர்களில் பெரும்பாலோர் 1980-களிலும் அதற்குப் பின்னும் மியன்மாரின் கயா மாநிலத்திலிருந்து போருக்குப் பயந்து வந்தவர்கள். பெரும்பான்மைக் கரேன் மக்கள் வேறு. ஸ்கா, புவோ என்னும் இரண்டு பெரிய பிரிவுகளைச் சேர்ந்தவர்கள். ஸ்கா பிரிவினர் தங்களைப் 'பகா கன்யோ' என்று சொல்லிக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லுக்கு 'மனிதர்' என்று பொருள்.

தாய்லாந்தின் மலைவாழ் மக்களில் எண்ணிக்கையில் பெரியவர்கள் இவர்கள்தாம். மே ஹோங் சோன், சியாங் மாய், தாக், காஞ்சனபுரி ஆகிய மாநிலங்களின் மலைகளில் இவர்களுடைய கிராமங்கள் பரவிக் கிடக்கின்றன. எல்லைக்கு அந்தப் பக்கம், மியன்மாரில், இவர்களைவிடப் பல மடங்கு அதிகமான கரேன் மக்கள் வாழ்கிறார்கள். அங்கே 1949-இல் தொடங்கிய ஆயுதப் போராட்டம் இன்னும் ஓயவில்லை. 1984-இலிருந்து எல்லையோரத்தில் அகதி முகாம்கள் இருக்கின்றன. முகாமில் வாழும் கரேன் வேறு. பல தலைமுறையாகத் தாய்லாந்து மலையிலேயே வாழும் கரேன் வேறு. இருவருடைய மொழி ஒன்றாக இருக்கலாம். சட்டத்தின் முன் இருவருடைய நிலை ஒன்றல்ல. போகிறவர் முதலில் இதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும்.

இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கரேன் மக்களிடையே கிறிஸ்தவம் நேற்று வந்ததன்று. கடனுக்காக அடிமைப்பட்டிருந்த கோ தா பியூ என்பவர் 1828-இல் பர்மாவின் தவோய் நகரில் ஞானஸ்நானம் பெற்றார். கரேன் மக்களில் முதல் கிறிஸ்தவர் என்று அறியப்படுபவர் அவர். பின்னர் தம் மக்களிடையே ஊர் ஊராக நடந்து போதித்தார். 1830-களில் ஜோனதன் வேட் என்னும் மிஷனரி பர்மிய எழுத்தைத் தழுவி ஸ்கா கரேன் மொழிக்கு எழுத்து வகுத்தார். 1842-இல் 'விடிவெள்ளி' என்று பொருள்படும் பெயரில் கரேன் மொழிப் பத்திரிகை வெளிவந்தது. 1853-இல் முழு வேதாகமமும் அந்த மொழியில் அச்சாகிவிட்டது. நம்மில் எத்தனை பேருடைய ஊர்த் தேவாலயத்துக்கு அவ்வளவு வயது இருக்கும்?

இதில் கவனிக்க வேண்டிய செய்தி என்னவென்றால், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வட தாய்லாந்துக் கரேன் கிராமங்களுக்கு நற்செய்தியைச் சுமந்து போனவர்களும் பர்மாவிலிருந்து வந்த கரேன் ஊழியர்கள்தாம். தம் இனத்தாரிடம், தம் மொழியிலேயே பேசினார்கள். ஆகவே இருட்டில் இருப்பவர்களுக்கு விளக்கு எடுத்துப் போகிறோம் என்ற எண்ணத்தோடு யாராவது அந்த மலை ஏறினால், ஏறும் முன்பே வழி தவறிவிட்டார் என்று பொருள். எல்லாக் கரேன் குடும்பமும் கிறிஸ்தவக் குடும்பமும் அல்ல. பௌத்தர்கள் இருக்கிறார்கள். முன்னோர் வழிபாட்டையும் மலை, நீர், வயல் தெய்வங்களையும் விடாதவர்கள் இருக்கிறார்கள். விடுதியில் இவர்கள் எல்லாருடைய பிள்ளைகளும் படிக்கலாம்.

பிள்ளை ஏன் விடுதிக்கு வருகிறது?

பெற்றோர் இருக்கும்போது பிள்ளை எதற்காக விடுதியில் இருக்க வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

தாய்லாந்தில் ஒன்பது ஆண்டுப் படிப்பு கட்டாயம். 2009-ஆம் ஆண்டிலிருந்து பதினைந்து ஆண்டுப் படிப்பை அரசாங்கம் இலவசமாக்கியிருக்கிறது. 2005-இல் அமைச்சரவை எடுத்த முடிவின்படி, குடியுரிமை இல்லாத பிள்ளைக்கும் பள்ளியில் இடம் கொடுக்க வேண்டும். ஆக, சட்டம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது. கதவு வரைக்கும் போய்ச் சேருவதுதான் பிரச்சினை.

மலைக் கிராமங்கள் பலவற்றில் சிறிய தொடக்கப்பள்ளி இருக்கும். அதுவும் இல்லாத இடங்களில் 'மே ஃபா லுவாங்' என்ற பெயரில் சமூகக் கல்வி நிலையம் இருக்கும். மறைந்த இராஜமாதா ஸ்ரீநகரிந்திராவை மலைமக்கள் அன்போடு அழைத்த பெயர் அது. ஓரிரு ஆசிரியர்கள் அந்தக் கிராமத்திலேயே தங்கி, எல்லா வயதுப் பிள்ளைகளுக்கும் சேர்த்துப் பாடம் நடத்துவார்கள். ஆறாம் வகுப்புக்குப் பிறகு? பல கிராமத்துப் பிள்ளைகள் இடைநிலைப் பள்ளியைத் தேடி மாவட்டத் தலைநகருக்குப் போக வேண்டும்.

அந்தச் சாலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். சியாங் மாயிலிருந்து மே ஹோங் சோன் போகும் நெடுஞ்சாலையில் 1,864 வளைவுகள் என்று கணக்குச் சொல்வார்கள். அதைக் கடந்து வந்தவர்களுக்குச் சான்றிதழ் கொடுக்கும் அளவுக்கு அது பேர் பெற்றது. அது தார் போட்ட நல்ல சாலை! கரேன் கிராமத்துக்கு அந்தத் தார் சாலையிலிருந்து பிரிந்து, செம்மண் பாதையில், மலை முகட்டிலும் ஓடைக்குள்ளும் இறங்கி ஏறிப் போக வேண்டும். மே மாதத்தில் தொடங்கும் மழை அக்டோபர் வரை நீடிக்கும். அப்போது சக்கரத்தில் சங்கிலி கட்டினால்தான் வண்டி நகரும். சில நாள் அதுவும் நகராது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை இந்த வழியில் தினமும் பள்ளிக்குப் போய் வர முடியுமா?

அதனால்தான் அரசாங்கம் உறைவிடப் பள்ளிகளை நடத்துகிறது. அதனால்தான் திருச்சபைகளும் அறநிறுவனங்களும் நகரத்தில் விடுதிகளை நடத்துகின்றன. முடிந்த பெற்றோர் ஆண்டுக்கு இவ்வளவு என்று அரிசி கொடுக்கிறார்கள். மே மாத நடுவில் பள்ளி திறக்கும். அக்டோபரில் ஒரு சிறு விடுமுறை, மார்ச் பிற்பகுதியிலிருந்து ஒரு நீண்ட விடுமுறை. வழி கடினமான ஊர்ப் பிள்ளைகள் பலர் இந்த இரண்டு விடுமுறைகளில்தான் அம்மாவின் முகத்தைப் பார்க்கிறார்கள்.

மலையில் பிள்ளைதான் ஆசிரியர்

வீடு தேடிப் போகும் தொண்டூழியர்கள் பெரும்பாலும் நவம்பர் முதல் பிப்ரவரி வரையுள்ள குளிர் மாதங்களில் போகிறார்கள். பாதை காய்ந்திருக்கும். தனியாகப் போவதில்லை. விடுதிப் பொறுப்பாளரோ, உள்ளூர்க் கரேன் போதகரோ உடன் வருவார். வாய்ப்புக் கிடைத்தால் பிள்ளையையும் அழைத்துக்கொள்வார்கள்.

அங்கேதான் முதல் பாடம் நடக்கிறது. விடுதியில் அந்தப் பிள்ளை கூச்சப்படும். தாய் மொழிப் பாடத்தில் மதிப்பெண் குறைவு. கேட்டதற்கு ஒரு சொல்லில் பதில் சொல்லும். நகரத்தார் கண்ணுக்கு, உதவி தேவைப்படும் ஒரு பிள்ளை. வண்டி நின்று, ஒற்றையடிப் பாதையில் நடக்கத் தொடங்கியதும் எல்லாம் தலைகீழாகிவிடும். எந்தக் கீரையைத் தின்னலாம், எந்தக் கொடி அரிக்கும், எந்தக் கல்லில் கால் வைத்தால் வழுக்கும் என்று அந்தப் பிள்ளைதான் சொல்லிக் கொடுக்கிறது. மூச்சு வாங்கி நிற்கிற பெரியவர்களின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொள்கிறது. அறியாப் பிள்ளை என்று நினைத்தவர், அந்த மலையில் அறியாதவர் யார் என்பதைப் புரிந்துகொள்கிறார்.

வீடு, கால்கள் நட்டு உயர்த்திய மர வீடாகவோ மூங்கில் வீடாகவோ இருக்கும். நடுவில் அடுப்பு. அதைச் சுற்றித்தான் சமையல், பேச்சு, குளிர்காலத்தில் தூக்கமும்கூட. நெல்லுக்குத் தனிக் குதிர். இடுப்பில் கட்டி நெய்யும் சிறு தறியில் அம்மா துணி நெய்வார். அங்கே உடையே ஒரு செய்தி சொல்லும். மணமாகாத பெண் கணுக்கால் வரை நீண்ட வெள்ளை அங்கி அணிவாள். மணமானதும் மேல்சட்டையும் கீழுடையுமாக இரண்டு துண்டு உடைக்கு மாறிவிடுவாள். ஆசிரியரையும் போதகரையும் 'தரா' என்பார்கள், பெண்ணாக இருந்தால் 'தராமு'. ஊர் தேடி வரும் தொண்டூழியருக்கும் அந்த மரியாதை கிடைத்துவிடும்.

உள்ளே போனதும் வரும் முதல் கேள்வி, "சோறு சாப்பிட்டாயிற்றா?" தமிழருக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிட்டுவிட்டோம் என்று சொன்னாலும் விடமாட்டார்கள். சோறு, மிளகாய்த் துவையல், காட்டுக் கீரை. பல வீடுகளில் விருந்தாளிக்காக ஒரு கோழியையும் அடித்துவிடுவார்கள். இங்கேதான் புதிதாகப் போனவர் தடுமாறுவார். இவர்களே கஷ்டப்படுகிறார்கள், இவர்களுடைய கோழியை எப்படிச் சாப்பிடுவது? வேண்டாம் என்று சொல்லிவிட்டால் என்ன?

வேண்டாம் என்று சொல்லக் கூடாது. அந்தக் கோழி, அந்த வீட்டார் தங்கள் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறவர்களுக்குச் செய்யும் மரியாதை. ஆண்டு முழுவதும் அவர்களுடைய பிள்ளைக்குச் சோறு போடுவது வேறு யாரோ. தங்கள் கையாலும் ஒரு வேளை சோறு போட்டோம் என்று நிமிர்ந்து நிற்க அவர்களுக்குக் கிடைக்கும் ஒரே நாள் அது. அதையும் மறுத்துவிட்டால், வாங்கிக்கொள்ள மட்டும் பிறந்தவர்கள் நீங்கள் என்று அவர்களிடம் சொல்வதாகிவிடும்.

கேட்கும் கேள்வியும் கேட்காத கேள்வியும்

ஒரு பெண்பிள்ளை என்று வைத்துக்கொள்வோம். வயது பதின்மூன்று. அம்மா முதலில் என்ன கேட்பார்? மதிப்பெண்ணையா? இல்லை. ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா, இரவில் அழுகிறாளா, பெரியவர்கள் சொன்னால் கேட்கிறாளா, யாரோடு சேர்கிறாள் என்றுதான் கேட்பார். பள்ளி அனுப்பிய மதிப்பெண் அட்டை வீட்டில் எங்கோ செருகியிருக்கும். தாய் மொழி வாசிக்கத் தெரியாத பெற்றோருக்கு அது வெறும் தாள். அதை எடுத்து, வரி வரியாக, உடன் வந்தவர் கரேன் மொழியில் சொல்லக் கேட்கும்போதுதான் தன் மகள் என்ன படிக்கிறாள் என்றே அந்த அம்மாவுக்குத் தெரிகிறது. எந்த நன்கொடையும் செய்யாத காரியத்தை அந்த அரை மணி நேரம் செய்துவிடுகிறது.

அம்மா வாய் திறந்து கேட்காத கேள்வி ஒன்றும் இருக்கிறது. இவள் திரும்பி வருவாளா? அதன் கனம் புரிய வேண்டுமானால் கரேன் குடும்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். அங்கே மணமானதும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவது வழக்கம். மூத்த மகள்கள் பிறகு தனி வீடு கட்டிக்கொள்வார்கள். பெரும்பாலும் கடைசி மகள் பெற்றோரோடு தங்கி, கடைசிக் காலத்தில் அவர்களைப் பார்த்துக்கொள்வாள். மகளைப் படிக்க அனுப்புவது என்றால் அந்த வீட்டின் நாளைய தூணையே கழற்றி அனுப்புவது போலத்தான். அறுவடைக்கு ஆள் குறையும் என்பது அப்பாவின் கவலை. அடுப்பு அணைந்துபோகுமோ என்பது அம்மாவின் கவலை. இரண்டையும் தாங்கிக்கொண்டுதான் அனுப்பியிருக்கிறார்கள். இது தெரியாமல், 'படிப்பின் அருமை தெரியாத பெற்றோர்' என்று ஒரு சொல்லில் பேசிவிடுகிறோமே, அது எவ்வளவு பெரிய அநியாயம்!

கரேன் மக்களிடையே பழைய வழக்கம் ஒன்று உண்டு. குழந்தை பிறந்து தொப்புள்கொடி விழுந்ததும், அதை ஒரு மூங்கில் குழலில் இட்டு, காட்டில் ஒரு மரத்தில் கட்டிவிடுவார்கள். அது அந்தக் குழந்தையின் மரம். அதை யாரும் வெட்டக் கூடாது. விடுதியின் இரும்புக் கட்டிலில் படுத்திருக்கும் பிள்ளைக்கும், ஏதோ ஒரு மலைச் சரிவில் அப்படி ஒரு மரம் நின்றுகொண்டிருக்கலாம். அந்தப் பிள்ளையை ஆதரவற்ற பிள்ளை என்று எப்படிச் சொல்வது?

கண்ணுக்குத் தெரிவது எல்லாம் உண்மையாகிவிடாது என்பதற்கு மலைச் சரிவே இன்னொரு சான்று. மார்ச் மாதத்தில் போகிறவர், கரிந்து கிடக்கும் நிலத்தைப் பார்த்து, காட்டை அழிக்கிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவார். உண்மையில் கரேன் உழவர் ஒரு துண்டு நிலத்தில் ஓராண்டு பயிர் செய்துவிட்டு, பொதுவாக ஏழு முதல் பத்து ஆண்டு வரை அதைக் காடாக வளர விடுவார். பிறகுதான் அதே நிலத்துக்குத் திரும்புவார். இந்தச் சுழற்சி வேளாண்மையைத் தாய்லாந்தின் பண்பாட்டு அமைச்சே 2013-இல் நாட்டின் மரபுச் செல்வங்களில் ஒன்றாகப் பட்டியலிட்டது. ஆனால் பல கிராமங்கள் வனக் காப்பகத்துக்குள்ளும் தேசியப் பூங்காவுக்குள்ளும் அடங்கிவிட்டதால், நிலத்துக்குப் பட்டா இல்லை. சாலை போடவும் மின்கம்பி இழுக்கவும்கூட வன அதிகாரிகளின் அனுமதி வேண்டும். அந்த வீட்டின் ஏழ்மைக்குக் காரணம் தேடுகிறவர் இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

ஒரு தாளில் தொங்கும் வாழ்க்கை

வீட்டுக்குப் போனால்தான் தெரியவரும் இன்னொரு விஷயம், பிள்ளையின் ஆவணம்.

மலை வீட்டில், பாட்டியின் கையில் பிறந்த குழந்தையைப் பதினைந்து நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும் என்றால், மழைக்காலத்தில் யார் மலை இறங்குவது? பதியாமல் போனால் பிறப்புப் பத்திரம் இல்லை. அதில்லாவிட்டால் குடியுரிமை கேட்பது பெரும்பாடு. பள்ளியில் சேர்ப்பார்கள். 'ஜி' என்னும் எழுத்தில் தொடங்கும் எண்ணைக் கொடுத்து உட்கார வைப்பார்கள். படிப்பு முடிந்ததும்? அரசாங்க வேலை இல்லை. மாணவர் கடன் கிடைக்காது. அனுமதி இல்லாமல் வேறு மாநிலத்துக்குப் பயணம் போகவும் தடை. மலேசியாவில் சிவப்பு அடையாள அட்டையோடு அலைந்தவர்களை அறிந்த நேயர்களுக்கு இந்த வலி புதிதன்று.

நிலைமை மாறிக்கொண்டும் இருக்கிறது. பெற்றோரின் நிலை எதுவாக இருந்தாலும் தாய்லாந்தில் பிறந்த ஒவ்வொரு குழந்தையின் பிறப்பையும் பதியலாம் என்று 2008-இல் சட்டம் திருத்தப்பட்டது. 2024 அக்டோபரில் தாய்லாந்து அமைச்சரவை, நீண்டகாலமாக அங்கே வாழ்ந்து வருபவர்களும் அவர்களுடைய பிள்ளைகளுமாக ஏறத்தாழ 4,83,000 பேருக்கு நிரந்தரத் தங்கும் உரிமையோ குடியுரிமையோ விரைந்து கிடைக்க வழி செய்யும் முடிவை எடுத்தது. மலைமக்களும் இதில் அடங்குவர்.

ஆனால் அமைச்சரவை பேங்காக்கில் எடுத்த முடிவு, மலைக்கு மேலிருக்கும் அந்த வீட்டுக்கு எப்படித் தெரியும்? யாராவது போய்ச் சொன்னால்தான் தெரியும். பிரசவம் பார்த்த பாட்டி இன்னும் உயிரோடிருக்கிறாரா, சாட்சி சொல்லக் கிராமத் தலைவர் வருவாரா, அண்ணன் பெயர் பதிவில் இருந்து தங்கை பெயர் ஏன் இல்லை என்பதையெல்லாம் அடுப்பருகே உட்கார்ந்து பேசும்போதுதான் அறிய முடியும். தொண்டூழியர் வழக்கறிஞர் ஆகிவிட வேண்டாம். வாக்குறுதியும் கொடுக்க வேண்டாம். கேட்டதைச் சரியாக எழுதி வந்து, விடுதிப் பொறுப்பாளரிடமும் உள்ளூரில் இந்த வேலையைச் செய்கிறவர்களிடமும் கொடுத்தால், அது ஒரு பிள்ளையின் ஆயுளுக்கும் உதவும்.

கையை நீட்டும் முன் யோசிக்க வேண்டியவை

வீடு தேடிப் போவதிலும் ஆபத்து இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

படம் எடுக்கும் ஆபத்து முதலாவது. கிழிந்த பாய், கரி படிந்த சுவர், அழுக்குச் சட்டை. ஊருக்குத் திரும்பி நன்கொடை திரட்ட அந்தப் படம் உதவும்தான். அந்தப் பிள்ளை வளர்ந்து, தன் வீடு அப்படிக் காட்டப்பட்டதைப் பார்த்தால் என்ன நினைக்கும்? உங்கள் வீட்டுச் சமையலறையை ஒருவர் அப்படிப் படம் எடுத்துப் போனால் ஒப்புக்கொள்வீர்களா?

பணம் கொடுக்கும் ஆபத்து அடுத்தது. ஒரு வீட்டில் பணத்தைத் திணித்துவிட்டு வந்தால் பக்கத்து வீட்டில் புகை கிளம்பும். கொடுக்க வேண்டியது இருந்தால் உள்ளூர்த் திருச்சபையோடும் கிராமத் தலைவரோடும் கலந்து பேசி, முறையாகச் செய்ய வேண்டும்.

மூன்றாவது ஆபத்து, விசுவாசத்தை விலையாக்குவது. பௌத்தக் குடும்பத்தின் பிள்ளையோ முன்னோரை வணங்கும் குடும்பத்தின் பிள்ளையோ விடுதியில் படித்தால், அந்தப் படுக்கைக்கும் அந்தச் சோற்றுக்கும் மதமாற்றம் கட்டணம் ஆகிவிடக் கூடாது. கிறிஸ்தவத் தொண்டூழியர் தம் விசுவாசத்தை மறைக்க வேண்டியதில்லை. வீட்டார் கேட்டுக்கொண்டால் ஜெபிக்கலாம். ஆனால் பிள்ளையின் படிப்பைக் கையில் வைத்துக்கொண்டு பெற்றோரின் தெய்வத்தைப் பற்றிப் பேரம் பேசுவது அன்பாகாது.

எல்லாவற்றிலும் பெரிய ஆபத்து, விடுதிக்கே பிள்ளை தேவைப்படும் நிலை. இதைச் சொல்லத் தயங்கக் கூடாது. கட்டடம் கட்டிவிட்டோம், கட்டில் போட்டுவிட்டோம், நன்கொடையாளர் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கேட்கிறார். அப்போது வீட்டிலிருந்தே படிக்கக்கூடிய பிள்ளையும் விடுதிக்கு வந்து சேருகிறது. உலகம் முழுவதும் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் மிகப் பலருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார். ஐக்கிய நாடுகள் பொதுச் சபை 2019 டிசம்பரில் நிறைவேற்றிய தீர்மானம், வறுமை ஒன்றையே காரணமாக வைத்துப் பிள்ளையைக் குடும்பத்திலிருந்து பிரிக்கக் கூடாது என்ற கொள்கையை வலியுறுத்தியது. இல்லங்களுக்குச் சுற்றுலாப் போல வந்து போகும் தொண்டூழியத்தால் பிள்ளைகளுக்கு நேரும் தீங்கையும் அது சுட்டிக்காட்டியது.

அப்படியென்றால் கரேன் பிள்ளைகளின் விடுதிகளை மூடிவிடலாமா? அவசரப்பட வேண்டாம். தூரம் உண்மை. மழை உண்மை. ஒன்பதாம் வகுப்புக்கு அருகில் பள்ளி இல்லை என்பதும் உண்மை. சில வீடுகளில் குடியும் அடியும் இருக்கின்றன. அந்தப் பிள்ளைக்கு விடுதிதான் அடைக்கலம். எந்தப் பிள்ளைக்கு விடுதி தேவை, எந்தப் பிள்ளைக்கு வேறு வழி போதும் என்பதை வீட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது. ஒரு வீட்டுக்குத் தேவை, பள்ளி இருக்கும் ஊரில் வாழும் சித்தி வீட்டுக்கு மாதம் கொஞ்சம் அரிசி. இன்னொரு வீட்டுக்குத் தேவை, அண்ணன் ஓட்டும் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் காசு. அதைக் கொடுத்தால் பிள்ளை அம்மாவின் அருகிலேயே படிக்கும். விடுதியில் ஒரு கட்டில் காலியாகும். அந்தக் காலிக் கட்டிலைப் பார்த்துத் தொண்டு செய்கிறவர் மகிழ வேண்டும்.

செலவு அதிகமே என்று கேட்பார்கள்

மலை ஏறும் வண்டிக்கு வாடகை, ஓட்டுநருக்குச் சம்பளம், ஒரு கிராமத்துக்கு இரண்டு நாள். அந்தப் பணத்தில் விடுதிக்கு எத்தனை மூட்டை அரிசி வாங்கலாம் என்று கேட்பவர்கள் உண்டு. கணக்கு சரிதான். ஆனால் அரிசி போடுகிறவர் தமக்குத் தெரியாத ஒரு பிள்ளைக்குப் போடுகிறார். வீடு கண்டு வந்தவருக்கோ அந்தப் பிள்ளையின் பாட்டி பெயர் தெரியும். எந்த ஓடையைத் தாண்டி அது வருகிறது என்று தெரியும். விடுமுறை முடிந்து பிள்ளை ஏன் மூன்று நாள் தாமதமாக வந்தது என்று திட்டுவதற்கு முன், அங்கே அறுவடை நடந்திருக்கும் என்று நினைக்கத் தோன்றும்.

ஐந்து நாள் மட்டும் போகிறவர்கள் எல்லாரும் மலை ஏற வேண்டும் என்பதும் இல்லை. முப்பது பேர் திரண்டு போய் ஒரு சிறு வீட்டில் ஏறினால் அந்த வீடு தாங்காது. இரண்டு பேர் போதும். ஆண்டுதோறும் அதே இருவர் போனால் இன்னும் நல்லது. போக முடியாதவர்கள், தாங்கள் உதவும் விடுதியிடம் மூன்றே மூன்று கேள்விகளைக் கேட்கலாம். இந்தப் பிள்ளையின் வீட்டுக்குக் கடைசியாக யார், எப்போது போனார்கள்? ஆண்டுக்கு எத்தனை முறை பிள்ளை வீட்டுக்குப் போகிறது? பிள்ளை தன் தாய்மொழியை வாசிக்கக் கற்கிறதா? பள்ளியில் தாய் மொழிதான் படிப்பு. கரேன் எழுத்தைப் பல ஊர்களில் தேவாலயந்தான் சொல்லிக் கொடுக்கிறது. பத்தாண்டு நகரத்தில் படித்துவிட்டு, பாட்டி பேசுவது புரியாமல் ஒரு பிள்ளை வீடு திரும்பினால், அந்தப் படிப்பில் ஏதோ ஓட்டை விழுந்திருக்கிறது.

அவையோரே, தாய்மொழியைக் காக்கவும், பிள்ளைகளைக் கரையேற்றவும் பாடுபட்ட ஒரு சமுதாயத்துக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்க வேண்டியதில்லை. கரேன் கிராமத்துக்குப் போகும் தொண்டூழியர், பிள்ளையின் செய்தியைப் பெற்றோருக்கும் பெற்றோரின் செய்தியைப் பிள்ளைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தால், அதுவே பெரிய ஊழியம். மலை இறங்கும்போது அம்மா மகளுக்காக நெய்த ஒரு துணிப்பையையோ, வாழை இலையில் கட்டிய சோற்றையோ கையில் கொடுப்பார். அதைப் பத்திரமாக விடுதியில் சேர்ப்பியுங்கள். நீங்கள் கொண்டுபோன பரிசுகளைவிட அந்தப் பிள்ளைக்கு அது பெரிது.